கெய்ரோவின் வயதை 969-இல் தொடங்குவது சரியா?

நைல்கரை:
"கெய்ரோ பிறந்தது 969, ஃபுஸ்தாத் வேறு ஊர்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படிக்கவே எரிச்சல். அரபுத் தளபதி அம்ர் இப்னு அல்-ஆஸ் 641-இல் எகிப்தின் பாபிலோன் கோட்டையைப் பிடித்து, பக்கத்திலேயே பாளையம் போட்டார்; அதுதான் ஃபுஸ்தாத். அவர் பெயரில் உள்ள பள்ளிவாசல் இன்றும் கெய்ரோவுக்குள்தானே இருக்கிறது?

கோட்டைவாசல்:
சொன்னவன் நான்தான். 969. பாத்திமிய அரச வம்சத்தின் தளபதி ஜவ்ஹர் ஃபுஸ்தாதுக்கு வடக்கே புதிதாக மதில் எழுப்பினார். 973-இல் கலீஃபா முயிஸ் வந்து குடியேறினார். பாளையத்தைத் தலைநகரம் என்காதீர்கள்.

நைல்கரை:
1047-இல் வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ 14 மாடி வீடுகளை எழுதியது எந்த ஊரைப் பற்றி? ஃபுஸ்தாத். இந்தியக் கடல் வணிகர்களின் கடிதங்கள் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்தனவே, அது எங்கே? ஃபுஸ்தாத். சந்தை முழுக்க அங்கே. உங்கள் மதிலுக்குள் அரண்மனையும் படையும்தான்.

கோட்டைவாசல்:
மாடியை எண்ணி வயது சொல்கிறீர்களா? 969. படையெடுத்து வந்த சிலுவைப்போர் அரசன் அமால்ரிக் கையில் சிக்கக்கூடாதென்று 1168-இல் பாத்திமிய அமைச்சர் ஷாவரே ஃபுஸ்தாதைக் கொளுத்தினார். 54 நாள் எரிந்தது. செத்த ஊருக்குப் பிறந்தநாள் எதற்கு?

மணல்மேடு:
54 நாள் என்பது 200 வருஷத்துக்கு மேல் கழித்து வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதிய கணக்கு. 1183-இல் நேரில் பார்த்த பயணி இப்னு ஜுபைர், பெரும்பகுதியைத் திரும்பக் கட்டிவிட்டார்கள் என்கிறார். கெய்ரோவோடு செத்த ஊரையும் சேர்த்து வளைக்க, அடுத்து ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் 1176-இல் ஏன் மதில் தொடங்கினார்?

கோட்டைவாசல்:
மதிலைப் பற்றி நீங்கள் பேசவே வேண்டாம். கெய்ரோ மதிலின் தெற்கு வாசலான பாப் ஸுவைலாவை ஜவ்ஹர் கட்டினார் என்று வேறொரு இழையில் எழுதியவர் நீங்கள். ஜவ்ஹர் போட்டது பச்சைச் செங்கல் மதில். இன்று நிற்கும் கல்வாசல் பாத்திமிய அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி 1092-இல் கட்டியது. நான் மறக்கவில்லை.

மணல்மேடு:
பேச்சை மாற்றாதீர்கள். எகிப்தை ஆண்ட இப்னு தூலூன் ஃபுஸ்தாத் பக்கத்தில் கட்டிய கத்தாயி நகரை 905-இல் பக்தாதின் அப்பாஸியர் இடித்துத் தள்ளி, பள்ளிவாசலை மட்டும் விட்டார்கள். அது 879-இல் முடிந்த கட்டடம். அதைக் கெய்ரோவின் பெருமை என்னும்போது 969 எங்கே போகிறது?

பழையசுவடி:
நல்ல வேளை வந்ததும் அடித்துச் சைகை காட்ட ஜோசியர்கள் மணி கட்டிய கயிற்றில் காகம் உட்கார்ந்து, மணி அடித்துவிட, வேளை தவறி கெய்ரோவுக்கு அஸ்திவாரம் தோண்டினார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

நைல்கரை:
அதே மாதிரிக் கதையை வரலாற்றாசிரியர் மஸ்ஊதி அலெக்சாந்திரியாவுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் இறந்தது 956. கெய்ரோ மதிலுக்கு முந்தியே காகம் வந்துவிட்டதா?

கோட்டைவாசல்:
காகம் கட்டுக்கதையாகவே இருக்கட்டும், அஸ்திவாரம் தோண்டிய வருஷம் கட்டுக்கதை இல்லை. 969. பாப் ஸுவைலாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.