ராம்சே தெருவுக்குப் போனவர்கள் கை தூக்குங்கள்

நுனவாடிங் அக்கா

ஆஸ்திரேலிய டிவி சீரியல்களைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறேன். ராம்சே தெரு ‘நெய்பர்ஸ்’ சீரியலில் வருவது. மதுரைப் பக்கம் பிறந்தவள் நான். 2009ல் மெல்பர்ன் வந்து, அடுத்த வருஷமே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. மத்தியானச் சாப்பாட்டில் மீனுக்குப் பதில் கோழி வந்தால் போதும், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு “ஒய் வாஸன்ட் ஐ டோல்ட்?” என்பார். என்கிட்ட ஏன் யாரும் சொல்லல! முகத்தில் அப்படி ஒரு கோபம். நானும் ஒரு வாரம் சாரி சாரி என்று கெஞ்சினேன். குளிப்பாட்டுகிற ஆள் மாறினாலும் அதே கேள்வி, மழை வந்தாலும் அதே கேள்வி. கடைசியில் பக்கத்து நாற்காலித் தாத்தாதான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அது ‘நம்பர் 96’ சீரியலில் வரும் டோரி எவன்ஸின் வசனமாம்.

அன்றிலிருந்து பாட்டிதான் எனக்கு வாத்தியார். நம்பர் 96 என்பது சிட்னி பேடிங்டனில் ஒரு அடுக்குமாடி வீடு. 1972ல் தொடங்கி 1977 வரை ஓடியிருக்கிறது. அதில் டான் என்று ஒரு வக்கீல். அவர் ஓரினச் சேர்க்கையாளர். அதை ஒளித்து மறைக்காமல், எல்லாரையும் போல ஒரு நல்ல மனுஷனாகவே 1972ல் காட்டியிருக்கிறார்கள். “எங்க அப்பா எழுந்து டிவியை அணைப்பார், அம்மா எழுந்து போட்டுவிடுவாள்” என்றார் பாட்டி. பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்ததால் 1975ல் கீழ்த்தளத்துக் கடையில் குண்டு வைத்து ஒரே நாளில் நான்கு பேரைத் தீர்த்துக்கட்டினார்கள். செத்தவர்களின் பெயரைப் பாட்டி விரல் மடக்கிச் சொல்வதைக் கேட்டால், சொந்தத் தெருவில் இழவு விழுந்தது போல இருக்கும்.

இன்னொரு கோஷ்டி ‘பிரிசனர்’ பார்ட்டி. 1979லிருந்து 1986 வரை 692 எபிசோட், பெண்கள் சிறைக் கதை. அதில் துணி தேய்க்கும் பெரிய நீராவி பிரெஸ் ஒன்று வரும். ஆரம்பத்திலேயே ஒரு புதுக் கைதியின் கையை அதில் வைத்துச் சுட்டுவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு சமயம் ரொம்பக் கறாரான மேலாளர் ஒருவர் வந்தார். கைக்கு உறை போடாமல் எதையும் தொட மாட்டார். பிரிசனரில் கருப்புத் தோல் கையுறையோடு வரும் வார்டன் ஜோன் பெர்குசனுக்குக் கைதிகள் வைத்த பட்டப்பெயர் ‘ஃப்ரீக்’. எங்கள் பாட்டிகள் அதை அப்படியே இவருக்கும் வைத்துவிட்டார்கள். அவர் நடையில் வரும் சத்தம் கேட்டால் ஒரு பாட்டி உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி “ஸ்ஸ்ஸ்” என்பார். மேலாளருக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது.

‘நெய்பர்ஸ்’ ஸ்டூடியோவும் அந்த பிரிசனர் ஸ்டூடியோவும் ஒன்றுதான், மெல்பர்ன் நுனவாடிங்கில். ராம்சே தெருவாக வந்தது வெர்மான்ட் சவுத்தில் இருக்கும் பின் ஓக் கோர்ட். கார் ஓட்டப் பழகும்போது யூ-டர்ன் போட வசதியான முட்டுச்சந்து என்று நினைத்து நானே அதற்குள் நுழைந்திருக்கிறேன். செங்கல் வீடுகள், புல்தரை, குப்பைத் தொட்டி, அவ்வளவுதான். அந்த வீடுகளில் நிஜமாகவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். திரும்புவதற்குள் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பையன் ஓடிவந்து, அவன் அம்மாவோடு சேர்த்துப் படம் எடுத்துத் தரச் சொன்னான். அந்த அம்மா 24ஆம் நம்பர் வீட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெரால்டு பிஷப்பின் வீடு. எனக்கு அப்போது ஹெரால்டு யாரென்றே தெரியாது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் பொடியன்

அக்கா, அந்த அம்மாவின் கண்ணீர் எனக்கு நல்லாய் விளங்குது. 1991ல் கடல் அலை அடித்துக்கொண்டு போன ஹெரால்டு, ஐந்து வருஷம் கழித்து நினைவு தப்பிப்போய் சால்வேஷன் ஆர்மியில் திரும்பி வந்த மனுஷன் அல்லவா.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தது 1986ல். அந்த ஒக்டோபரில்தான் பிபிசி நெய்பர்ஸைத் தொடங்கியது. மத்தியானம் ஒருக்கா, 1988லிருந்து பின்னேரம் 5:35க்கு மறுபடி ஒருக்கா. அம்மாவும் நானும் இங்கிலீசு பழகியது அந்த அரை மணித்தியாலத்தில்தான். விளைவு என்னவென்றால், ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் குரலை மேலே தூக்கத் தொடங்கிவிட்டேன். “ஏன்ரா எல்லாத்தையும் கேள்வியாவே கதைக்கிறாய்?” என்று அப்பா பேசுவார். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் அதே பேச்சு விழுந்தது என்பது ஒரு ஆறுதல்.

ஒஸ்ரேலியாவை விட இங்கே ஒன்றரை வருஷம் பிந்தித்தான் கதை ஓடும். நெய்பர்ஸில் வரும் ஸ்கொட், சார்லீன் கலியாணம் அங்கே 1987 ஜூலையில் முடிந்துவிட்டது. இங்கே 1988 நவம்பர் 8ஆம் தேதிதான் போட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் வேறு கதையே இல்லை.

அதே கிழமை மெல்பர்னிலிருந்து மச்சாளின் ஏரோகிராம் வந்தது. ஓரம் மூன்றையும் கவனமாய்க் கிழித்துத்தான் பிரிக்கவேண்டும், அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து கிழியும். பெரியம்மா பெரியப்பா சுகம் எல்லாம் எழுதி இடம் முடிந்த பிறகு, மடிப்பில் நுணுக்கி நுணுக்கி ஒரு வரி: “டாப்னி செத்துப்போயிட்டா, சார்லீன் பிறிஸ்பேனுக்குப் போயிட்டா.”

டாப்னியும் நெய்பர்ஸில் வருகிறவள், இங்கே இன்னும் உயிரோடு இருந்தாள். எனக்குப் பதினொரு வயது. இவ்வளவு பெரிய இரகசியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு பக்கெட் கிறிஸ்ப்ஸுக்கு வகுப்பில் ஒருவனுக்கு விற்றேன். அவன் நம்பவில்லை, ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். ஒரு பிள்ளை வந்து புத்தகப் பையால் என் தலையில் அடித்தாள். டாப்னி இங்கே சாகும்போது 1989 ஆகிவிட்டது, நாங்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டோம். அடித்தவள் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டு ஒன்றும் பேசாமல் ஒரு பக்கெட் கிறிஸ்ப்ஸ் நீட்டினாள்.

2022 ஜூலையில் கடைசி எபிசோட் என்று சொல்லிப் போட்டார்களே, சார்லீனாகவும் ஸ்கொட்டாகவும் நடித்த கைலியும் ஜேசனும் திரும்பி வந்தது. மெல்பர்னில் 28ஆம் தேதி, இங்கே 29. ஒன்றரை வருஷ இடைவெளி ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் முதல்நாளே சொல்லிவிட்டேன், வாயைத் திறக்கக் கூடாது என்று.

ஓய்வுபெற்ற டொக்டர்

நெய்பர்ஸ் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ‘எ கன்ட்ரி ப்ராக்டிஸ்’ பற்றிச் சொல்லலாம்.

83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்தேன். எனக்குக் கிடைத்தது நியூ சவுத் வேல்ஸில் ஒரு நாட்டுப்புற ஆஸ்பத்திரி. அந்தச் சீரியலும் அதே மாதிரி ஒரு ஊரைப் பற்றியதுதான். வான்டின் வேலி என்பது கற்பனை ஊர், படம் பிடித்தது பிட் டவுன் பக்கம். வாரத்தில் இரண்டு இரவு வரும். அந்த நேரத்தில் வார்டில் ஒரு மணியும் அடிக்காது. விளம்பரம் வந்ததும் ஏழெட்டு மணி ஒன்றாக அடிக்கும். ஒருவருக்கு வலி மாத்திரை, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் கழிவறை. விளம்பரம் முடிந்தால் மறுபடி அமைதி. நர்ஸ்மார் இதற்கேற்ற மாதிரியே தேநீர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எங்களிடம் ஒரேயொரு ஆண் நர்ஸ் இருந்தான். சீரியலிலும் பிரென்டன் என்று ஒரு ஆண் நர்ஸ், மாலியின் கணவன். ஆகவே எங்கள் ஆளுக்கும் பெயர் பிரென்டன்தான். நோயாளிகள் அவன் சொந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

1985ல் மாலிக்கு லுகேமியா வந்தது. அதை ஓரிரு நாளில் முடிக்காமல், வாரக்கணக்கில் கூடவே கொண்டுபோனார்கள். அந்த மாதங்களில் கை காலில் கன்றிய தழும்போடு இரத்தப் பரிசோதனை கேட்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் வேலியில் இடித்துக்கொண்ட தழும்புதான். நான் சலித்துக்கொள்ளவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினேன்.

கடைசிக் காட்சியில் பிரென்டனும் குழந்தை க்ளோயியும் வெளியே பட்டம் விடுவார்கள். மாலி பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கண் வழியாகவே நாமும் பார்ப்போம். மெல்ல மெல்லப் படம் இருண்டு போகும். அன்றிரவு விளம்பரம் வந்த பிறகும் எங்கள் வார்டில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. ‘பிரென்டன்’ மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் ஊர்களில் மரணம் என்றால் ஒப்பாரி வைத்துத்தான் எனக்குப் பழக்கம். சத்தமே இல்லாத அந்த இழவு எனக்குப் புதிது.

அந்த நடிகர் ஷேன் விதிங்டன் பிறகு ‘ஹோம் அண்ட் அவே’யில் ஜான் பால்மராக வந்தார். எனக்கு இப்போதும் பிரென்டன்தான்.

சும்மா பார்ப்பவன்

எல்லாம் சரி. 1985ல் தொடங்கிய ராம்சே தெருவில் கபூர் என்று ஒரு இந்தியக் குடும்பம் குடிவர 2011 ஆகிவிட்டது. நான் இருப்பது கிளென் வேவர்லி, அந்தத் தெருவிலிருந்து காரில் சில நிமிஷம். இங்கே எந்தத் தெருவில் நின்றாலும் தாளிக்கிற வாசனை வரும், டிவியில் மட்டும் 26 வருஷமாக வரவில்லை. வந்த பிறகும் என்ன, 2013ல் ஒரு கல்யாண விருந்தில் கேஸ் சிலிண்டர் வெடித்து, பிரியா கபூர் காலி. இந்தச் சீரியல்காரர்கள் கல்யாணப் பந்தலையும் கேஸ் சிலிண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பாரமட்டாக்காரன்

என் கதை சின்னது. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டில் பகல் முழுக்கப் போரடித்து, அம்மா ஹோம் அண்ட் அவே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஆல்ஃப் ஸ்டீவர்ட் வாயைத் திறந்தாலே சிரிப்பாள். “இவரு நம்ம பெரிய மாமா மாதிரியே திட்டுதாரு” என்பாள். 1988 முதல் எபிசோடிலிருந்து ரே மேயர் அந்த வேஷத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். “அப்ப பென்சன் வாங்க வேண்டியவருல்லா” என்றாள்.

சரி, அந்தச் சீரியலில் வரும் சம்மர் பே ஊரைக் காட்டிவிடலாம் என்று, அதைப் படம் பிடிக்கும் பாம் பீச்சுக்கு எல்90 பஸ் பிடித்துப் போனோம். ஊருக்குப் போவது போல முடிவே இல்லாத பயணம். அம்மா புளியோதரை கட்டி மஞ்சப்பையில் வைத்திருந்தாள். மணலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம், தொப்பி போட்ட ஒரு பெண் வந்து ஷூட்டிங் நடக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போகமுடியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். புளியோதரையும் நாங்களும் தள்ளிப் போனோம். தூரத்தில் இரண்டு பேர் நீச்சல் உடையில் சண்டை போட்டார்கள். ஐந்து தடவை ஒரே சண்டை. அப்பா தூங்கிவிட்டார்.

கிளம்பும்போதுதான் பார்த்தோம், மஞ்சப்பை பழைய இடத்திலேயே கிடந்தது.

நுனவாடிங் அக்கா

டொக்டர் ஐயா, உங்கள் பட்டக் காட்சியைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் எ கன்ட்ரி ப்ராக்டிஸ் பார்த்ததே இல்லையாம், அந்த வருஷங்களில் இரவு ஷிஃப்டாம். முழுதாகக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை கோபமாகக் கேட்கவில்லை.

பாரமட்டா தம்பி, மஞ்சப்பை டிவியில் வந்ததா?

பாரமட்டாக்காரன்

எடுத்த காட்சி வெளிவரச் சில மாதம் ஆகும் அக்கா, அதற்குள் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இரண்டு மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ஒரு காட்சியில் ஓரமாக மஞ்சளாக ஏதோ தெரிந்தது. லைஃப் சேவர்ஸ் கொடியாகக்கூட இருக்கலாம். அம்மாவிடம் பை வந்தது என்றே சொல்லிவிட்டேன்.