மொமென்ட்-ஏரியா முறை: டிஃப்ளெக்ஷன் மிகக் குறைவாக வருகிறது

கேள்வி: 6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் (இரு முனைகளிலும் தாங்கப்பட்டு, முனைகள் சுழல முடிவது). இடது முனை ஏ-யிலிருந்து 2 மீட்டரில், சி புள்ளியில், 30 கிலோநியூட்டன் சுமை. சி-யின் டிஃப்ளெக்ஷன் (பீம் கீழே இறங்கும் அளவு) வேண்டும். மொமென்ட் படத்தில் ஏ முதல் சி வரையுள்ள பரப்பு 40/இஐ (இஐ என்பது பீமின் வளைவு விறைப்பு), சென்ட்ராய்டு (பரப்பின் மையம்) சி-யிலிருந்து 2/3 மீட்டர், பெருக்கினால் 26.67/இஐ. ஃபார்முலாவில் 106.67/இஐ வருகிறதே?

பதில் 1: நீங்கள் கண்டது டிஃப்ளெக்ஷன் அல்ல, ஏ-யில் வரைந்த தொடுகோட்டிலிருந்து சி எவ்வளவு விலகியது என்பதை. ஏ-யில் சாய்வு பூஜ்யமாக இருந்தால்தான் இரண்டும் ஒன்று. ஒரு முனை மட்டும் இறுக்கிப் பொருத்திய கான்டிலீவரில் சரிவரும், இங்கே வராது. முதலில் அதே தொடுகோட்டிலிருந்து வலது முனை பி-யின் விலகலைக் காணுங்கள். தூரங்களை பி-யிலிருந்தே அளக்க வேண்டும், பலர் சறுக்கும் இடம் இதுதான்:
40×4.667 + 80×2.667 = 400/இஐ
ஏ-யின் சாய்வு 400/6 = 66.67/இஐ. சி-யில் தொடுகோடு 66.67×2 = 133.33 இறங்கியிருக்கும். அதில் உங்கள் 26.67-ஐக் கழித்தால் 106.67.

பதில் 2: உச்ச டிஃப்ளெக்ஷன் சுமைக்கு நேர் கீழே இல்லை. மொத்தப் பரப்பு 40+80 = 120; அதில் ஏ-யின் சாய்வைக் கழித்தால் பி-யின் சாய்வு 120−66.67 = 53.33. பி-யிலிருந்து 5x² பரப்பு இதற்குச் சமமாகும் இடம் x = 3.27 மீட்டர், அங்கே 116.1/இஐ.

கேட்டவர்: புரிந்தது. இஐ 20,000 கிலோநியூட்டன்-மீ² என்று போட்டால் சி-யில் 5.33 மிமீ.

பதில் 1: சரி. பீமின் குறுக்குவெட்டு நடுவில் மாறினால் மொமென்ட் படத்தை அந்தந்தப் பகுதியின் இஐ-யால் வகுத்த பிறகே பரப்பு எடுங்கள்.