புதுப்பிப்பு: மரப்பெட்டியின் மூடிக்குள் இருந்த ஜப்பானிய எழுத்துகள்

கிரி எனும் இலேசான ஜப்பானிய மரத்தால் ஆன பெட்டிக்குள் பொருத்தப்பட்ட இளம்பெண்ணின் கண்ணாடிப் புகைப்படத்தைப் பற்றியும், மூடியின் உட்புறத்தில் தூரிகையால் எழுதப்பட்டிருந்த வரியை ‘மேய்ஜி 15, ஏப்ரல், வயது 19’ என்று நான் படித்ததைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன் (மேய்ஜி என்பது ஜப்பானியப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு). அந்த வாசிப்பு தவறு.

பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, பத்து என்று நான் கொண்ட எழுத்தில் குறுக்குக்கோட்டை வெட்டி இறங்குவது ஒரு கோடல்ல, நெருக்கமான இரண்டு கோடுகள் என்பதும், அவற்றின் அடிகளை இணைக்கும் சிறு கோட்டில் மை ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்துவிட்டது என்பதும் தெரிந்தன. அது இருபதைக் குறிக்கும் பழைய எழுத்து. எனவே ஆண்டு மேய்ஜி 25, அதாவது 1892. மேலைநாடுகளில் வழக்கொழிந்த பின்னரும் இவ்வகைக் கண்ணாடிப் படங்கள் ஜப்பானில் நெடுநாள் எடுக்கப்பட்டதால், இந்த ஆண்டு வியப்புக்குரியதன்று.

வயதையும் திருத்த வேண்டும். அக்காலத்து வழக்கில் பிறந்த குழந்தைக்கே ஒரு வயது. பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். அப்படியானால் அவள் பிறந்தது 1874. படம் எடுத்த நாளில் நம் கணக்குப்படி பதினேழோ பதினெட்டோதான். எவ்வளவு சிறிய பெண்!

மூடியில் எஞ்சியிருந்த எழுத்துகளில், சீன எழுத்துகள் என நினைத்து நான் வாரக்கணக்கில் அகராதியில் தேடியவை, 1900இல் பள்ளிகளுக்கான கானா எனும் ஜப்பானிய ஒலியெழுத்துகள் ஒலிக்கு ஒன்றாக வரையறுக்கப்படுவதற்கு முன் புழங்கிய மாற்றுவடிவங்கள். அவை அவளுடைய பெயர்.