மதகு எங்கே வைப்பது? ஊர்ச் சங்கத்தில் நாங்கள் கண்டதும் பட்டதும்

கண்டாவளைச் செயலாளர்:

வணக்கம் உறவுகளே. பத்து வருடத்துக்கு மேல் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்துவிட்டு, போன மாதம்தான் கூட்டறிக்கைக் கொப்பிகளைப் புதியவரிடம் ஒப்படைத்தேன். கொடுப்பதற்கு முதல்நாள் இரவு சும்மா ஒன்றை விரித்தேன். விடியற்காலை மூன்று மணிவரை வாசித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் பக்கம் 2010 ஆம் ஆண்டுக் கூட்டம். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மண்டபமும் இல்லை, கதிரையும் இல்லை. புளியமரத்தடியில் தறப்பாளை விரித்து இருந்தோம். மரத்துக்கு அந்தப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தாய்மார் வந்தார்கள். அன்றைக்கு எடுத்த தீர்மானம் இரண்டு: பொதுக்கிணறுகளை இறைத்துக் குளோரின் போடுவது, சுடலைக்குப் போகும் பாதையில் பற்றை வெட்டுவது. உயிரோடு இருப்பவனுக்குத் தண்ணீர், செத்தவனுக்கு வழி. வேறு எதையும் அன்று யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வன்னிப் பக்கத்தில், இலங்கையின் வடக்கில், ஒரு கிராம அலுவலர் பிரிவு என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் அதே இருபது பேர்தான் மாறி மாறி இருப்பார்கள். சின்ன வீதி, மதகு, மண்டபத் திருத்தம் போன்ற அரச வேலைகளைச் சங்கமே ஒப்பந்தமாக எடுத்துச் செய்யலாம். மிஞ்சுகிற காசு சங்கத்துக்கு.

2016 இல் அப்படித்தான் ஒரு கிரவல் (சரளைமண்) வீதியும், வீதிக்குக் கீழால் தண்ணீர் போக ஒரு மதகும் எங்களுக்குக் கிடைத்தன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆவணி மாத வெயிலில் வந்து அளந்து, மதகு வாசிகசாலைக்கு முன்னால் வரவேண்டும் என்று மதிப்பீட்டில் போட்டுவிட்டார். கூட்டத்தில் அதை வாசித்தேன். கடைசி வாங்கில் இருந்த ஆச்சி ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

“தம்பி, உதிலை மதகு வைச்சு என்ன? மாரியிலை தண்ணி பாலையடியாலை எல்லோ இறங்கிறது.”

“எஸ்ரிமேற் முடிஞ்சுது ஆச்சி. இனி மாத்தேலாது.”

“எஸ்ரிமேற்றே தண்ணியை மறிக்கப்போகுது?”

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். மதிப்பீட்டைத் திருத்தக் கொடுத்தால் திரும்பி வர எத்தனை நாளோ. டிசம்பர் 31 க்குள் வேலை முடிந்து பில் போகாவிட்டால் ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விடும். அந்தப் பயம் எனக்கு. ஆகவே வாசிகசாலைக்கு முன்னாலேயே கட்டினோம். நல்ல மதகு, இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை. அதற்குள்ளால் தண்ணீர் போனதும் இல்லை.

2018 டிசம்பர் 21 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் வெள்ளத்துக்குள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்தன. எங்களுக்கு வந்தது காட்டுப்பக்க வெள்ளம். அது ஆச்சி சொன்ன பாலையடியால்தான் இறங்கியது. போட்ட கிரவல் வீதி அங்கே அணைக்கட்டு மாதிரி நின்று தண்ணீரை மறித்துவிட்டது. வீதி உடைவதற்கு முதல் மேல்பக்கத்து ஏழு வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். நெல் மூட்டை, பள்ளிக்கூடக் கொப்பி, கோழிக்கூடு எல்லாம் மிதந்தன. வீதி இல்லாத காலத்தில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை.

போன மாதம் கொப்பிகளை வாசித்த அந்த இரவு 2016 கூட்டத்தின் பக்கத்துக்கு வந்தேன். ஆச்சி சொன்னதை நான் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? “சபையில் சில கருத்துகள் தெரிவிக்கப்பட்டன.” அவ்வளவுதான். என் கையெழுத்து.

உங்கள் ஊரிலும் இப்படி இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான் மாதர் சங்கம்:

அண்ணை, வாசித்துவிட்டு எங்கள் கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன். நான் பொருளாளர். எங்கள் பிரச்சினை மதகு இல்லை, வாராவாரம் கட்டுகிற கிழமைக் கடன்.

மீள்குடியேறி வந்த கையோடு நிதி நிறுவனங்களும் வந்தன. கையில் ஒரு சதம் இல்லாத நேரத்தில் வாசலில் காசு கொண்டுவந்து கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற தங்கச்சி ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பற்றைக்குள் போய் இருப்பாள். வாசலில் காசு வாங்க வந்தவர் இருட்டும் வரை கதிரை போட்டு இருப்பார். கணவன் இல்லாத வீடு அது. ஊர் என்ன கதைக்கும்?

எங்கள் மாதக் கூட்டத்தில் இந்தக் கதை வரவே வராது. தையல் பயிற்சி, வீட்டுத்தோட்டம், கோழிக்குஞ்சு என்று கதைத்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவோம். பிணை நின்றவளும் கட்டாமல் விட்டவளும் ஒரே பாயில் முகம் பார்க்காமல் இருப்பார்கள். ஒருநாள் ஒரு அக்கா எழும்பி, “நான் இனி இந்தச் சங்கத்துக்கு வரமாட்டன். எனக்குக் கோழிக்குஞ்சு வேண்டாம், நித்திரைதான் வேணும்” என்றுவிட்டு அழுதா. அன்றைக்குத்தான் கொப்பியில் முதல்முறையாகக் கடன் என்ற சொல்லை எழுதினோம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் எங்கே எவ்வளவு என்று சொன்னார்கள். வெட்கப்பட்டவர்கள் துண்டில் எழுதித் தந்தார்கள். கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பிறகு கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். எங்கள் ஊருக்குள் வீட்டு வாசலில் காசு சேர்க்கக் கூடாது, பொதுநோக்கு மண்டபத்துக்கு வரவேண்டும், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு யாரும் வரக்கூடாது என்று எங்கள் பாட்டில் ஒரு தீர்மானம் போட்டு மண்டபக் கதவில் ஒட்டினோம். சட்டத்தில் அதற்கு என்ன பெறுமதியோ தெரியாது. ஆனால் முப்பது பெண்கள் மண்டபத்தில் சேர்ந்து இருக்கும்போது காசு வாங்க வருபவரின் குரல் தானாக இறங்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்தேன்.

2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எங்களில் சிலருக்கு அது உதவியது. பலருடைய கடன் அந்த நிபந்தனைக்குள் வரவில்லை. இப்போது சங்கத்தின் சுழற்சி நிதியில் சின்னக் கடன் கொடுக்கிறோம். மருத்துவச் செலவு, பள்ளிக்கூடச் செலவு என்றால் முதலிடம். அந்தத் தங்கச்சி இன்னும் ஒரு இடத்தில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அடுப்பை மட்டும் அணைப்பதில்லை.

பாண்டியன்குளம் கமக்காரன்:

எங்களுடையது சின்னக் கதை, யாருக்காவது உதவும். ஊர்க்குளத்தின் வான் (மிஞ்சிய தண்ணீர் வழிகிற இடம்) உடைந்து கிடந்தது. இரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை என்று ஏசாத ஏச்சு இல்லை. பிறகு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கிராம அபிவிருத்திச் சங்கக் கடிதத்தலைப்பில் எழுதியதும் பிழை, கமக்காரர் அமைப்பு மூலம் கமநல சேவை நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். அதே சனம்தான் இரண்டு சங்கத்திலும் இருந்தோம், ஆனாலும் தெரியவில்லை. கடிதம் எழுத முதல் அந்தக் குளம் யாருடைய புத்தகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

முழங்காவில் இளையவன்:

எனக்கு 26 வயது. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பெரியவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

எங்கள் சங்கத்தில் நிர்வாகத் தெரிவு என்றால் “பழைய ஆக்களே இருக்கட்டும்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதிக்க, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏதாவது சாமான் கொடுக்கிற நாளில் மண்டபம் நிறையும். கணக்கு வாசிக்கிற நாளில் பதினைந்து பேர். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை சிரமதானத்துக்கு மண்வெட்டி தூக்குவதும் கதிரை அடுக்குவதும்தான்.

எங்கள் பக்கம் மணல் ஏற்றும் ரிப்பர் லொறிகள் ஓடத் தொடங்கியபோது கிரவல் வீதி இரண்டு மாதத்தில் வயல்வெளி மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள், ரிப்பர் கடந்து போனால் வெள்ளைச் சட்டை மண்ணிறம். சங்கத்தில் முறையிட்டோம். “பெமிற் இருக்குத் தம்பி” என்று பதில். அந்தப் பெமிற்றை, அதாவது அனுமதிப்பத்திரத்தை, யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நிர்வாகத்தில் ஒருவருடைய உறவினரின் ரிப்பரும் அதில் ஓடியது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விடயம். கூட்டத்தில் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் ஒன்பது பேர் ஒரு கிழமை வீதியோரத்தில் முறைவைத்து இருந்து, எத்தனை மணிக்கு எத்தனை ரிப்பர் என்று எழுதினோம். வாகன இலக்கம், நேரம், வெறுமையா மணலோடா. சாமம் ஒரு மணிக்கும் எழுதினோம். அந்தக் கொப்பியை சங்கத்தில் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் இன்னொன்றைப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திலும் கொடுத்தோம். மணல் அகழ அனுமதிப்பத்திரம் கொடுப்பது அவர்கள்தான். இரவு ஓட்டம் நின்றது. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரமும் விடுகிற நேரமும் ஓடக்கூடாது என்று முடிவானது. வீதி இன்னும் திருத்தவில்லை. ஆனால் அடுத்த தெரிவில் எங்களில் இரண்டு பேரை நிர்வாகத்தில் எடுத்தார்கள்.

நெடுங்கேணி:

எங்களுக்கு யானை. மின்வேலி போட்டுத் தந்தபோது கைதட்டினோம். கம்பிக்குக் கீழே புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும் என்று யாரும் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. முதல் மாரியிலேயே யானை உள்ளே வந்து ஒரு இரவில் பதினெட்டுத் தென்னம்பிள்ளையைத் தின்றுவிட்டுப் போனது. இப்போது வேலியைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து குடும்பம். புல்லு வெட்டாத குடும்பத்தின் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படும். தண்டம் எதுவும் இல்லை, பெயர் வாசிப்பு மட்டும்தான். அது வேலை செய்கிறது.

கண்டாவளைச் செயலாளர்:

எல்லோருக்கும் நன்றி. முழங்காவில் தம்பி, உங்கள் கோபம் நியாயம். அந்தப் பழைய ஆட்களில் நானும் ஒருவன். அந்தக் கொப்பி யோசனையைப் புதிய செயலாளரிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

ஆச்சிக்கு என்ன நடந்தது என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு தலைவரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “அதைவிடு, தேத்தண்ணி குடி” என்றார். அதற்குப் பிறகு வந்த மாரியில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, குடையைப் பிடித்துக்கொண்டு ஊரின் நான்கு வீதியையும் அவரோடும் இன்னும் மூன்று முதியவர்களோடும் நடந்து பார்த்தோம். தண்ணீர் குறுக்கறுக்கிற இடமெல்லாம் முளை அடித்து, படம் கீறி, யார் சொன்னது என்று பெயரோடு கொப்பியில் எழுதினேன். அந்தப் படத்தை மதிப்பீட்டுக்கு வந்த உத்தியோகத்தரிடம் கொடுத்தபோது அவர் சந்தோசப்பட்டார். இப்படி முன்பே யாராவது தந்திருக்கலாம் என்றார்.

பாலையடியில் குழாய் இறக்குகிற நாள் ஆச்சி வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். முதல் குழாயை வைத்ததும் கைத்தடியைப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தார்.

“இன்னும் ஒரு சாண் பதிக்க வேணும் தம்பி.”

உத்தியோகத்தர் மட்டக்கோலை வைத்து மறுபடி அளந்தார். குழாயை வெளியே எடுத்து, ஒரு சாண் தோண்டிவிட்டு, திரும்ப இறக்கினோம்.