டார்வினின் கடிதங்களில் மதராஸ் உண்டா?

வினா (வியாசர்பாடி வாசகர்):
எங்கள் பகுதியில் மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்போர் பலர் உண்டு. சார்லஸ் டார்வினும் புறா வளர்த்தவர் என்று அறிந்ததிலிருந்து அவருடைய கடிதங்களைப் படிக்க விரும்புகிறேன். அவற்றில் மதராஸ் தொடர்பு ஏதேனும் உண்டா? அறிவியல் கடிதங்களை மட்டும் தனியே படிக்கலாமா?

மறுமொழி (தண்டையார்பேட்டை):
உண்டு, ஐயா. மதராஸ் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட்டுக்கு 1856 தொடக்கத்தில் டார்வின் கடிதம் எழுதி, இங்கு வளர்க்கப்படும் புறா, கோழி இனங்களின் தோல்களைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், இந்தியாவிலிருந்து தோல்களை அனுப்பியவர் என்று எலியட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்தவருக்கு அஞ்சலே ஆய்வுக்கூடம்.

மறுமொழி (பெரம்பூர்):
தனியே பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது என 1844 சனவரியில் நண்பர் ஹூக்கருக்கு எழுதினாரே, அது அறிவியலா, அந்தரங்கமா? 1858 சூனில், தம்முடைய கொள்கையையே தனியாகக் கண்டறிந்திருந்த இயற்கையாளர் வாலஸின் கட்டுரை வந்து டார்வின் கலங்கியிருந்த நாட்களிலேயே அவருடைய கைக்குழந்தையும் இறந்தது. அப்போதைய கடிதங்களில் இரு துயரங்களும் பின்னிக் கிடக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 30 தொகுதிகளாக வெளியிட்டுள்ள இக்கடிதங்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். எலியட் பெயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.