நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு பிழையைக் காட்டுகிறது: ரேமை எவ்வாறு சோதிப்பது?

குடியாத்தம் அச்சகத்தார்:
குடியாத்தத்தில் திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்து அச்சிடும் சிறு அச்சகம் நடத்துகிறேன். கணினியில் இருந்த 8 ஜிபி ரேம் பெரிய ஃபிளெக்ஸ் கோப்புகளுக்குப் போதாததால், தை முகூர்த்தங்களுக்கு முன்பு வேறு நிறுவனத்தின் 8 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் சேர்த்தேன். அதன்பின் விண்டோஸ் 10 அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்கிறது, மறுநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்கிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவ முயன்றபோது கோப்பு சிதைந்திருப்பதாகச் செய்தி வந்தது. அதே பென் டிரைவ் வேறு கணினியில் ஒழுங்காக வேலை செய்கிறது. விண்டோஸுடன் வரும் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற ரேம் சோதனை நிரல் குறை ஏதும் இல்லை என்றுவிட்டது. நம் ஊர் வெயில்தான் காரணம் என்கிறார்கள். ரேமைச் சந்தேகிக்கலாமா?

காட்பாடி வன்பொருளர்:
தாராளமாகச் சந்தேகிக்கலாம். டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பிழைக்குறியீடு, ஒரே கோப்பின் பெயருடன் திரும்பத் திரும்ப வரும். ரேமில் ஓரிடம் பழுதானால், அந்த இடத்தில் அன்றைக்கு எந்த நிரல் வந்து அமர்கிறதோ அதுவே குற்றவாளியாகத் தெரியும். உங்கள் பிழைகள் மாறிக்கொண்டே இருப்பது அதனால்தான் இருக்க வேண்டும். நிறுவும்போதே கோப்பு சிதைவது இன்னும் வலுவான தடயம், ஏனெனில் பென் டிரைவிலிருந்து படிக்கும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது.

சோதனையில் ஒரு பிழை வந்தாலும் அது சான்று; பிழை வராதது சான்றாகாது. மெமரி டயக்னாஸ்டிக்கை இயல்பு அமைப்பில் விட்டிருப்பீர்கள், எஃப்1 அழுத்தினால் 'எக்ஸ்டெண்டட்' என்ற நீண்ட சோதனை கிடைக்கும். அதைவிட மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனை நிரல் நல்லது. இலவசமானது, இயங்குதளம் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே துவங்குவதால் ரேமில் ஏறக்குறைய முழுவதையும் தொட முடிகிறது. யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த துவக்க மென்பொருள்) உள்ள கணினி என்றால் 2022இல் வந்த 6.00 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். அங்கீகரிக்கப்படாத நிரல்கள் துவங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் குறுக்கிட்டால் அதை அணைக்க வேண்டியிருக்கும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஓடட்டும்.

பாலாற்றங்கரை:
வெயிலைப் பற்றி ஒரு திருத்தம். கூகுளின் சேவைக் கணினிகளை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ரேம் பிழைகளில் வெப்பநிலையின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றே தெரியவந்தது. அவை குளிரூட்டப்பட்ட அறைகளில் இருந்தவை என்பது உண்மைதான். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் கணினிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆகவே இரவில் பிழை வராவிட்டால் பிற்பகலிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் வெயில் மீது பழி போடுவதற்கு முன் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, இயங்குகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட்; எக்ஸ்எம்பி பெரும்பாலும் அதை 1.35க்கு உயர்த்தி, வேகத்தையும் கூட்டுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்டிக்குகள் அந்த வேகத்தில் ஒத்துப்போகாமல் பிழை காட்டினால், ரேம் கெட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

குடியாத்தம் அச்சகத்தார்:
எக்ஸ்எம்பி ஏற்கெனவே அணைந்தே இருந்தது. மெம்டெஸ்ட் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சிவப்பு வரிகள் வந்துவிட்டன. எல்லா வரிகளிலும் எதிர்பார்த்த மதிப்புக்கும் கிடைத்த மதிப்புக்கும் ஒரே பிட்டில்தான் வேறுபாடு. புதிய ஸ்டிக்கை உடனே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

காட்பாடி வன்பொருளர்:
சற்றுப் பொறுங்கள். இப்போது தெரிந்தது பழுது இருக்கிறது என்பது மட்டுமே. அது ஸ்டிக்கிலா, அதைச் செருகும் ஸ்லாட்டிலா என்பது தெரியவில்லை. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கின் பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனித்தனியாகச் சோதித்து, பிழை காட்டுவதை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும்.

குடியாத்தம் அச்சகத்தார்:
புதிய ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டுகளிலும் பிழை காட்டுகிறது, பழையது எங்கும் காட்டவில்லை. திரையைப் படம் எடுத்து, வாரண்டிக்காகக் கடையில் கொடுத்துவிட்டேன். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாலாற்றங்கரை:
மாற்றி வருவதையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். விண்டோஸைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவுங்கள், இடையில் எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகளை நம்ப முடியாது. புதிய ஸ்டிக்கைச் சேர்த்த பிறகு சேமித்த வடிவமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அதே காலத்தில் எடுத்த பேக்கப்பும் அந்த ரேம் வழியாகவே போனது என்பதால், ஸ்டிக் சேர்ப்பதற்கு முந்தைய பேக்கப்பின் மேல் அதை எழுதிவிடாமல் தனி வட்டில் வையுங்கள்.