சூதாட்டக் கடன்: புகார் கொடுத்தால் தம்பி மீதே வழக்கு வருமா?

என் தம்பிக்கு வயது 26. மலேசியாவில் கெடா மாநிலம், சுங்கைப் பட்டாணியில் இருக்கிறோம். நம்பர் கடைகளின் (எண்களில் பந்தயம் கட்டும் கடைகள்) உரிமங்களை 2023இல் மாநில அரசு புதுப்பிக்காமல் விட்ட பிறகு அவன் கைப்பேசிச் சூதாட்டச் செயலிக்கு மாறினான். வாட்ஸ்அப்பில் ஓர் ஏஜென்ட் கடனாகவே புள்ளிகளை ஏற்றிவிடுவான். தோற்றால் மறுநாள் கணக்கு. எட்டு மாதத்தில் 18,400 ரிங்கிட்.

அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 6,000 கட்டினோம், வட்டிக்கே போய்விட்டது. எண்ணைத் தடுத்தோம், வேறு எண்ணிலிருந்து மிரட்டுகிறார்கள். வங்கியில் கேட்டோம், அவனே அனுப்பிய பணம் என்று கைவிரித்துவிட்டார்கள். போன செவ்வாய் விடியற்காலையில் வாசல் கேட்டில் சிவப்புப் பெயிண்டை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணாகிவிட்டது. பூட்டுத் துவாரத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது.

1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. நீதிமன்றம் போய் இந்தக் கடனை அவர்களால் வசூலிக்க முடியாது. அது ஆறுதல். ஆனால் 1953ஆம் ஆண்டு சூதாட்ட விடுதிகள் சட்டம் ஆடுபவனையும் விடுவதில்லை: 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாங்கள் இந்துக்கள் என்பதால் ஷரியா நீதிமன்றம் வராது, இந்தச் சட்டம் வரும். அதற்குப் பயந்துதான் அம்மா காவல் நிலையம் வேண்டாம் என்கிறார்.

மலேசிய வழக்கறிஞர்களும் இதே நிலையைக் கடந்தவர்களும் சொல்லுங்கள்: கடன் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் மிரட்டலுக்குப் புகார் கொடுத்தால், தம்பி மீது வழக்குப் போடுவார்களா?